ஆயிரத்து ஐந்நூறு அடி

ஒடெஸ்ஸா டில்லரி பொய் சொல்லி நான் பார்த்தது ஒரே ஒரு முறைதான். அதையும் அவளுக்கு ஒழுங்காகச் சொல்லத் தெரியவில்லை. என் பேர் ஏர்லீன். பிரிட்ஜ்போர்ட்டில் நகரப் பேருந்து ஓட்டிப் பிழைத்தவள், அவள் பக்கத்து வீட்டில் நாற்பது வருஷம் இருந்தவள். இப்போது சர்ச்சில் அவளைப் பற்றி ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். சட்டம் கேட்டு வாங்கி, பெற்ற மகனையே உள்ளே தள்ளினவள் என்று ஒரு கதை. பிள்ளை வளர்க்கத் தெரியாதவள் என்று இன்னொரு கதை. கேட்கக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அதனால்தான் நடந்ததைச் சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

பதினெட்டு வயதில் தென் கரோலினாவை விட்டு அத்தை ஒருத்தியோடு வந்தவள் அவள். பெண்கள் உள்ளாடை தைக்கும் ஆலையில் இருபத்தாறு வருஷம் தையல் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். பிறகு முதலாளி ஆலையைத் தூக்கிக்கொண்டு தெற்கே போய்விட்டான். எந்தத் தெற்கை விட்டு அவள் ஓடி வந்தாளோ அங்கேயேதான். அங்கே கூலி குறைவாம். அந்த வருஷமே அவள் புருஷன் கிளைட் மாரடைப்பில் போனான். கையில் பதினொரு வயது மகன் ரோடெல். ஒப்பாரி வைத்துக்கொண்டு உட்காருகிற ஜாதி இல்லை அவள். எங்கள் சர்ச்சின் அடித்தளத்தில் குழந்தைகள் காப்பகம் ஒன்றை ஆரம்பித்து, மாநில அரசிடம் உரிமமும் வாங்கினாள். வேலைக்குப் போகும் அம்மாக்கள் காலை ஆறரைக்கு விட்டுவிட்டுப் போவார்கள். இருபத்திரண்டு குழந்தைகள். உள்ளே நுழைந்ததும் ஒவ்வொன்றின் முகத்தையும் வெந்நீர்த் துணியால் அழுத்தித் துடைப்பாள். சுத்தமாக வந்தாலும் துடைப்பாள். 'பிஸ்கட்டை நான் எடுக்கல' என்று ஒரு வாண்டு சொன்னால் அதன் கையை எடுத்து முகர்ந்து பார்ப்பாள். பொய் என்றால் அவளுக்கு அப்படி ஆகாது.

தொண்ணூற்று மூன்றாம் வருஷம் கறுப்பர்கள் குடியிருக்கும் எங்கள் பிரெஸ்டன் தெரு முனையில் போதைப் பவுடர் விற்கிறவர்கள் பட்டப்பகலில் கடை போட்டதுபோல நின்றார்கள். அக்டோபரில் ஒரு நாள், குழந்தைகள் மத்தியானம் தூங்குகிற நேரம், ஜன்னல் வழியாக ஒரு குண்டு வந்தது. தூங்குகிற பிள்ளைகளின் தலைக்கு மேலே போய் ஃபிரிட்ஜ் கதவைத் துளைத்துக்கொண்டு நின்றது. உள்ளே பால் ஒழுகிக்கொண்டிருந்தது. போலீஸைக் கூப்பிட்டோம். இரண்டு மணி நாற்பது நிமிஷம் கழித்து வந்தார்கள். வெள்ளைக்காரர்கள் இருக்கும் மலைப்பக்கத்து ஊர்களில் பூனை மரத்தில் ஏறிக்கொண்டது என்றால்கூட இதைவிடச் சீக்கிரம் போவார்கள். அன்று ஒடெஸ்ஸா அழவில்லை. சுவரில் சாய்ந்துகொண்டு குழந்தைகளைத் திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டே இருந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் தேர்தலில் நிற்கிற ஒரு பெரிய மனிதர் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வந்தார். பள்ளிக்கூடத்தைச் சுற்றி ஆயிரத்து ஐந்நூறு அடிக்குள் போதைப்பொருள் விற்றால் கூடுதலாக மூன்று வருஷம் என்று சட்டம் இருக்கிறது, அதைக் குழந்தைகள் காப்பகத்துக்கும் நீட்டப்போகிறோம் என்றார். அந்த மூன்று வருஷத்தை எந்த நீதிபதியாலும் குறைக்க முடியாது என்றார். நாங்கள் எழுந்து நின்று கை தட்டினோம். என் உள்ளங்கை எரிகிற அளவுக்குத் தட்டினேன். இன்றைக்குப் படித்த பிள்ளைகள் வந்து, நீங்களே கை தட்டினீர்களாமே என்று கேட்கிறார்கள். ஆமாம், தட்டினோம். உங்கள் பாலில் குண்டு விழவில்லை.

சட்டத்தைப் பற்றிப் பேச மாநிலத் தலைநகர் ஹார்ட்ஃபோர்டுக்கு ஒரு வண்டி நிறையப் பெண்கள் போனோம். வண்டியை ஓட்டினவள் நான்தான். ஒடெஸ்ஸாவுக்கு மூன்று நிமிஷம் கொடுத்தார்கள். தொப்பியைச் சரி செய்துகொண்டு எழுந்து நான்கு விஷயம் கேட்டாள். கூப்பிட்டால் வருகிற போலீஸ் வேண்டும், பையன்களுக்கு வேலை வேண்டும், பழக்கத்தில் விழுந்தவர்களுக்கு வைத்தியம் வேண்டும், முனையில் நிற்கிறவர்களுக்குப் பயம் வரும்படி ஒரு சட்டம் வேண்டும். மற்ற மூன்றும் எங்கே போயிற்றோ, சட்டம் மட்டும் வந்து சேர்ந்தது.

அந்தச் சட்டத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. காப்பகம் என்று எல்லார் கண்ணுக்கும் படும்படி ஒரு பலகை மாட்டியிருக்க வேண்டும். பலகை இல்லையென்றால் அந்த மூன்று வருஷமும் இல்லை. எங்கள் பாஸ்டர் பிங்க்னி கதவோரமாகச் சின்னதாக ஒன்று வைத்தால் போதும் என்றார். ஒடெஸ்ஸா கேட்கவில்லை. வெள்ளைப் பலகை, ஆளுயரம், சிவப்பில் பெரிய பெரிய எழுத்து. ரோடெல் அதைப் பார்த்துவிட்டு, "அம்மா, துறைமுகத்துல கப்பல்ல வர்றவனுக்கும் தெரியும்" என்று கிண்டல் செய்தான். அவளுக்கு அவ்வளவு பெருமை. அப்போது அவனுக்கு இருபத்து மூன்று வயது. ரொட்டிக் கம்பெனியில் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான். நல்ல பையன், வாய் மட்டும் கொஞ்சம் நீளம்.

பலகை வந்தும் முனையில் நின்றவர்கள் ஓடிவிடவில்லை. இரண்டு தெரு தள்ளி நின்றார்கள். அங்கேயும் ஒரு பள்ளிக்கூடம், ஒரு காப்பகம். சட்டம் போட்ட வட்டம் எல்லா ஊருக்கும் ஒரே அளவுதான். மலைப்பக்கத்தில் ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் ஒரு தோப்பு இருக்கிறது. எங்களுக்கு ஒரே சுவரில் இரண்டு வீடு, தெருவுக்கு மூன்று சர்ச். ஒரு வட்டத்துக்கு வெளியே கால் வைத்தால் அடுத்த வட்டம். காரில் வந்து வாங்கிக்கொண்டு போன மலைப்பக்கத்து வெள்ளைப் பையன்கள் பிடிபட்டால் வைத்தியத்துக்கு அனுப்பினார்கள். எங்கள் பையன்களுக்கு ஐந்தோடு மூன்று, ஏழோடு மூன்று. பாடகர் குழுவில் எங்கள் பக்கத்தில் நிற்கும் மாவிஸின் பேரனுக்கு அப்படி ஆனபோது, பிள்ளையை அடக்கி வைத்திருக்க வேண்டும் என்று ஒடெஸ்ஸா அவள் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள். நான் அவளைக் கண்டிக்கவில்லை. எனக்கும் அன்று அது சரியாகத்தான் பட்டது.

தொண்ணூற்று ஆறில் ரோடெல் ரொட்டிப் பெட்டிகளோடு வழுக்கி விழுந்து முதுகை உடைத்துக்கொண்டான். கம்பெனி கொஞ்ச நாள் பொறுத்துவிட்டு வேறு ஆளைப் போட்டுக்கொண்டது. முதலில் வலி மாத்திரை. மாத்திரை கிடைக்காதபோது பவுடர். அதற்குக் காசு இல்லாதபோது, தனக்கு வாங்குவதில் கொஞ்சம் பிரித்து நாலு பேருக்கு விற்றான். ஒடெஸ்ஸாவுக்குத் தெரியுமா என்று கேட்டால், தெரிந்துகொள்ளப் பயந்தாள் என்பேன். ஊர்ப் பிள்ளைகளின் கையை முகர்ந்து பார்த்தவள் சொந்தப் பிள்ளையின் கையைப் பிடித்துப் பார்க்கவில்லை.

தொண்ணூற்று ஏழு மார்ச்சில் கடல் காற்று பேயாக அடித்தது. பலகையின் திருகு உடைந்து பலகை படியில் விழுந்தது. தூக்கிக்கொண்டு போய் அடித்தளத்தில் பியானோவுக்குப் பின்னால் சாய்த்து வைத்தோம். சர்ச் நிர்வாகிகள் கூடிப் பேசிய பிறகு மாட்டலாம் என்றார் பாஸ்டர். பத்து நாள் ஆயிற்று. ஒடெஸ்ஸாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஒரு வியாழக்கிழமை, எனக்கு விடுமுறை, காலையிலேயே கதவைத் தட்டி ஏணியை எடுத்துக்கொண்டு வரச் சொன்னாள். நான் ஏறித் திருகை முடுக்கினேன். அவள் தெருவுக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டு, இடது பக்கம் கொஞ்சம் தூக்கு, இன்னும் கொஞ்சம் என்று உயிரை வாங்கினாள். பத்து மணிக்குப் பலகை நேராக நின்றது.

மறுநாள் வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான்கு மணிக்கு ரோடெலை அவன் வீட்டு வாசற்படியிலேயே பிடித்தார்கள். சட்டைப்பையில் பதினொரு சின்னப் பொட்டலம். சர்ச் அங்கிருந்து கூப்பிடு தூரம்.

மாவிஸ் அன்று இரவே வறுத்த கோழியும் மக்ரோனியும் மூடி எடுத்து வந்தாள். ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. தட்டை மேஜை மேல் வைத்துவிட்டு ஒடெஸ்ஸாவின் தோளைத் தடவிவிட்டுப் போனாள். ஒடெஸ்ஸாவால் அதில் ஒரு வாய் சாப்பிட முடியவில்லை.

அரசு செலவில் கிடைத்த வக்கீல் டிலூகா என்று ஒரு இத்தாலிக்காரர். கையில் தொண்ணூறு வழக்கு, டையில் காபிக் கறை. ஆனால் கெட்டிக்காரர். எங்களுக்கு ஊர் வரைபடத்தை விரித்துக் காட்டினார். முழுக்கச் சிவப்பு வட்டம். ஒன்றின் மேல் ஒன்று. "இந்த ஊர்ல வட்டத்துக்கு வெளிய நிக்கணும்னா கடல்லதான் நிக்கணும், மிஸஸ் டில்லரி" என்றார். ரோடெலின் வாசற்படி மட்டும் ஒரே ஒரு வட்டத்துக்குள் இருந்தது. பக்கத்துப் பள்ளிக்கூடத்தை முந்தின வருஷம் மூடிவிட்டதால் மிஞ்சியது எங்கள் காப்பகத்தின் வட்டம். விற்றதற்கு ஐந்து வருஷம், அதை யாராலும் தடுக்க முடியாது. கூடுதல் மூன்று வருஷம் பலகையைப் பொறுத்தது. புயலுக்கு மறுநாள் பத்திரிகையில் வந்த படம் ஒன்றை வக்கீல் வைத்திருந்தார். அதில் சுவர் வெறுமையாக இருந்தது.

"திரும்ப என்னைக்கு மாட்டினீங்க?" என்று கேட்டார். அவள் வாயைத் திறப்பதற்குள் கையைக் காட்டித் தடுத்தார். "இப்ப வேண்டாம். வீட்டுக்குப் போய் நல்லா நினைச்சுப் பார்த்துட்டு வாங்க."

அன்று என் சமையலறையில் கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள்.

"ஏர்லீன், நாம அதை என்னைக்குடி மாட்டினோம்?"

"உனக்குத் தெரியாதா?"

"நீ சொல்லு."

"நீ என்னைக்குன்னு சொல்றியோ, அன்னைக்குத்தான் மாட்டினோம்" என்றேன்.

கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தாள். பிறகு, பைபிளைத் தொட்டுச் சத்தியம் செய்யச் சொல்வார்களா என்று கேட்டாள். செய்யச் சொல்வார்கள் என்றேன். எழுந்து வீட்டுக்குப் போய்விட்டாள்.

செப்டம்பரில் விசாரணை. நீதிபதி மட்டும்தான், ஜூரி வருவதற்கு முன்னால் இந்த ஒரு விஷயத்தை முடிவு செய்ய. ஒடெஸ்ஸா ஈஸ்டருக்கு வைத்திருந்த நீல உடுப்பைப் போட்டுக்கொண்டு கூண்டில் ஏறினாள். சத்தியம் செய்தாள். பலகையை எப்போது திரும்ப மாட்டினார்கள் என்று டிலூகா கேட்டார்.

"அவனைப் பிடிச்சதுக்கு அப்புறம், திங்கட்கிழமை" என்றாள். குரல் அவள் குரலாகவே இல்லை. பக்கவாட்டில் உட்கார்ந்திருந்த ரோடெல் சட்டென்று தலையைத் தூக்கினான்.

அரசு வக்கீல் சின்ன வயதுக்காரன், மரியாதையாகத்தான் எழுந்தான். அந்தத் திங்கட்கிழமை வானிலை எப்படி இருந்தது என்று கேட்டான். ஏணி யாருடையது, எத்தனை மணி, குழந்தைகளை அப்போது யார் பார்த்துக்கொண்டார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டான். பழக்கம் இருக்கிறவள் சட்டுச் சட்டென்று சொல்லியிருப்பாள். இவள் ஒவ்வொரு கேள்விக்கும் நின்று நின்று, வியாழக்கிழமை நடந்ததை எல்லாம் அப்படியே திங்கட்கிழமைக்குத் தூக்கி வைத்துச் சொன்னாள். எனக்கு அன்றைக்கு விடுமுறை என்றுகூடச் சொல்லிவிட்டாள். திங்கட்கிழமை நான் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன், கம்பெனியில் கேட்டால் சொல்லிவிடுவார்கள். அரசு வக்கீல் கடைசியாக, பொய்ச் சத்தியத்துக்கும் ஐந்து வருஷம் வரை சிறை உண்டு என்பது தெரியுமா என்று கேட்டான். அடுத்து என்னைக் கூப்பிடப் போவதாகவும், வெள்ளிக்கிழமை காலை பிள்ளைகளை விட வந்த அம்மாக்கள் எல்லாரையும் கூப்பிடப் போவதாகவும் சொன்னான். ஒடெஸ்ஸா கூண்டின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

ரோடெல் எழுந்து நின்றான்.

"ஐயா, எங்க அம்மாவைக் கீழ இறக்கி விடுங்க. வியாழக்கிழமைதான் மாட்டினாங்க. நான் ஜன்னல்லேருந்து பார்த்துக்கிட்டுதான் இருந்தேன்."

நீதிபதி சுத்தியலால் தட்டி உட்காரச் சொன்னார். டிலூகா அவன் கையைப் பிடித்து இழுத்தார். அவன் உட்காரவில்லை. "அவங்களை ஒண்ணும் பண்ணிடாதீங்க. அந்த மூணையும் நான் வாங்கிக்கறேன்" என்றான். அவ்வளவுதான், எல்லாம் முடிந்துபோயிற்று. அம்மா மேல் எந்த வழக்கும் போடுவதில்லை என்று அரசு வக்கீல் ஒத்துக்கொண்டான், இவன் எட்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டான்.

திரும்பி வரும்போது பேருந்தில் என் தோளில் தலையை வைத்துக்கொண்டு ஒடெஸ்ஸா சொன்னாள்: "மூணு வருஷம்டி ஏர்லீன். பிள்ளைக்காக ஒரு பொய், அதைக்கூட எனக்கு உருப்படியாச் சொல்லத் தெரியல." நான் நான்கு மணி வண்டியை ஓட்டாமல் அன்றைக்கு விடுப்புப் போட்டுக்கொண்டு அவளோடு இருந்தேன்.

அதற்கப்புறம் காப்பகத்தை நடத்தினாள், ஆனால் பழைய ஒடெஸ்ஸா இல்லை. மாவிஸின் வீட்டுக்குப் போய் வாசலில் நின்று மன்னிப்புக் கேட்டாள். மாதம் இரண்டு முறை மகனைப் பார்க்கப் போவாள். இரண்டாயிரத்து ஒன்றில் மறுபடி ஹார்ட்ஃபோர்டுக்குப் போனோம், அந்தச் சட்டத்தைத் தளர்த்தச் சொல்லிக் கேட்க. அதே பெரிய மனிதர் இப்போது இன்னும் பெரிய நாற்காலியில் இருந்தார். ஒடெஸ்ஸாவை அடையாளம் கண்டுகொண்டு சிரித்தார். "சிஸ்டர், நீங்க கேட்டதைத்தானே நாங்க கொடுத்தோம்?" என்றார்.

"நாலு கேட்டேன், ஐயா. ஒண்ணைத்தான் கொடுத்தீங்க" என்றாள் ஒடெஸ்ஸா.

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். அவளுக்கு ஒதுக்கிய மூன்று நிமிஷம் முடிந்துவிட்டது.

இரண்டாயிரத்து இரண்டு மார்ச்சில் ஒரு நாள் ரோடெலின் முதல் ஐந்து வருஷம் முடிந்தது. அன்று காலை எழுந்ததும் என்னிடம் வந்து, பலகை இல்லாமல் இருந்திருந்தால் இன்றைக்கு ரோடெல் வீட்டுக்கு வந்திருப்பான் என்றாள். இனி அவன் உள்ளே இருக்கிற ஒவ்வொரு நாளும் தான் மாட்டின நாள் என்றாள். ஏணியில் ஏறினவள் நான்தானே, எனக்கு அதில் பங்கில்லையா என்று கத்தினேன். கோபமில்லை, தாங்க முடியவில்லை.

இலையுதிர் காலத்தில் அவளுக்குக் கணையத்தில் புற்று என்று சொன்னார்கள். மருத்துவமனையில் இருக்கமாட்டேன் என்று வீட்டுக்கு வந்துவிட்டாள். ரோடெலை ஒரு முறை அனுப்பச் சொல்லி பாஸ்டர் எழுதினார், டிலூகா எழுதினார். இந்த மூன்று வருஷத்தில் கை வைக்க முடியாது என்று பதில் வந்தது. பிப்ரவரியில், ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் போய்ச் சேர்ந்தாள்.

அடக்கத்துக்கு அவனை விடவில்லை. அதற்கு முந்தின நாள், சவச்சாலையில் வேறு யாரும் வருவதற்கு முன்னால் பதினைந்து நிமிஷம் கொடுத்தார்கள். என்னை மட்டும் உள்ளே விட்டார்கள். இரண்டு காவலர்கள், நடுவில் ரோடெல். முப்பத்தோரு வயதுக்குத் தலை பாதி நரைத்திருந்தது. இரண்டு கையையும் இடுப்புச் சங்கிலியோடு சேர்த்துப் பூட்டியிருந்தார்கள். பெட்டிக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தான். அம்மா முகத்தைத் தொட முயன்றான், கை எட்டவில்லை. நான் காவலரைப் பார்த்தேன். அவர்களில் ஒருவன் எங்கள் நிறத்துப் பையன், எங்கள் காப்பகத்தில் வளர்ந்தவனாக இருந்தாலும் இருக்கும். அவன் தரையைப் பார்த்தான், சாவியை எடுக்கவில்லை.

"ஏர்லீன் அத்தை, கடைசியில என்னைப் பத்தி ஏதாவது சொன்னாங்களா?"

மறைக்கலாம் என்றுதான் நினைத்திருந்தேன். முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை.

"கடைசி ரெண்டு நாளா மருந்து மயக்கம்பா. நீ வீட்டுலயே இருக்கறதா நினைச்சுக்கிட்டு இருந்தா. மீன் ஆறிடும், ரோடெலைச் சாப்பிடக் கூப்பிடுன்னா. சும்மா இருந்தா விடல. நான் வாசல்ல போய் நின்னு, தெருவே திரும்பிப் பார்க்கற மாதிரி உன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன்."

"அப்புறம்?"

"வர்றானான்னு கேட்டா. வர்றான்னு சொன்னேன். சரின்னு கண்ணை மூடினா. அப்புறம் திறக்கல."

அவன் சத்தமே இல்லாமல் அழுதான். கண்ணீரைத் துடைத்துக்கொள்ளவும் கை முகத்துக்கு எட்டவில்லை. என் கைக்குட்டையால் நான் துடைத்துவிட்டேன், துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது. "வந்துட்டேன்மா" என்று பெட்டிக்குள் குனிந்து சொன்னான். நேரமாகிவிட்டது என்றார்கள். இன்னும் இரண்டு வருஷமும் ஒரு மாதமும் பாக்கி இருந்தது. அதை முடிப்பதற்காக அவனை அழைத்துக்கொண்டு போனார்கள்.